மலையைப் படிக்க எந்த குரூப்?

(குன்னூரில் பிளஸ் டூ மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஓய்வுபெற்ற மண்ணியல் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போன வாரம் கோத்தகிரியிலிருந்து குன்னூர் வரும் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா ஒருவர் பேச்சுக் கொடுத்தார். நான் காலேஜ் வாத்தியாராக இருந்தவன் என்று தெரிந்ததும் கேட்டார்: "பொண்ணு பயாலஜி குரூப் சார். நீட்டுல மார்க் வரல. நர்ஸிங்கும் வேண்டாங்கிறா. வேற என்னதான் இருக்கு?" பஸ் அப்போது கட்டபெட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. வெளியே தேயிலை, அதற்கு மேலே கற்பூர மரம், கீழே பள்ளத்தில் கேரட் தோட்டம். நான் பதில் சொல்லாமல் ஜன்னலைக் காட்டினேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நாங்க கொழுந்து பறிச்சது போதாதா சார்? இவளுமா?" குன்னூர் வரும்வரை அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்தக் கோபம் எனக்குப் புதிதல்ல. நானும் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன்தான். 1964-ல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் ஆனபிறகு, இலங்கை மலையகத்திலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க அரசு இந்த மலையில் தேயிலை போட்டது. 1968-ல் தொடங்கிய அந்தத் திட்டம்தான் 1976-ல் டேன்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகமானது. எட்டு வயதில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி இந்தப் பக்கம் வந்து சேர்ந்த பிள்ளை நான். "எம்புள்ள ஆபீஸ்ல உக்காரணும்" என்பதுதான் எங்கள் அம்மாவின் ஒரே வேண்டுதல். பிளஸ் டூ முடித்து, மண்ணைப் படிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்துவிட்டாள்.

மண்ணைப் படிக்கவேண்டும் என்று எனக்கு எப்படித் தோன்றியது என்றால், ஒரு கண்ணாடி உருண்டையால்.

பக்கத்து எஸ்டேட் ஆபீஸ் முற்றத்தில் கல்தூண் ஒன்றின்மேல் பூசணிப்பிஞ்சு அளவில் ஒரு கண்ணாடி உருண்டை இருந்தது. அதன் பின்பக்கம் வளைவான சட்டம். சட்டத்துக்குள் நீலநிற அட்டைத் துண்டு. வெயில் அடிக்கும்போது உருண்டை அதைக் குவித்து அட்டையைப் பொசுக்கும். சூரியன் நகர நகரப் பொசுங்கிய கோடும் நகரும். மூட்டம் போட்டால் கோடு அறுந்துவிடும். சாயங்காலம் கிளார்க் அண்ணன் அட்டையை உருவி, கோட்டை அளந்து, "இன்னைக்கு ரெண்டே கால் மணி நேரம்" என்று நோட்டில் எழுதுவார். இதை எதற்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். "மருந்தடிக்கவா வேண்டாமான்னு இதுதாண்டா சொல்லும்" என்றார்.

தேயிலையில் கொப்புள நோய் என்று ஒன்று உண்டு. 1946-ல் தென்னிந்தியத் தோட்டங்களுக்குள் நுழைந்தது. ஒரு பூஞ்சணம். இளங்கொழுந்தில் எண்ணெய் பட்டதுபோல ஒரு புள்ளி விழும். சில நாளில் அது ஒருபக்கம் குழிந்து மறுபக்கம் வெள்ளையாக உப்பும். அந்த உப்பலில் லட்சக்கணக்கான வித்துகள். நாம் விற்பதே கொழுந்தை. அதுவும் கொழுந்தைத்தான் தின்கிறது. ஆனால் அந்த வித்துக்கு வெயில் ஆகாது. சில நாள் தொடர்ந்து நல்ல வெயில் விழுந்தால் தானே அடங்கும். மூட்டமும் ஈரமும் நீடித்தால் பரவும். அதனால்தான் அட்டையில் பொசுங்கிய கோட்டைக் கூட்டிப் பார்த்து, குறைந்தால் தாமிர மருந்தடிப்பார்கள், நிறைந்தால் காசை மிச்சம் பிடிப்பார்கள். செடியின் நோய்க்கு வானத்தைப் பார்த்து வைத்தியம். எனக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது.

காலேஜில் சேர்ந்தபிறகு பார்த்தால் செடிக்கு ஒரு டிபார்ட்மென்ட், மண்ணுக்கு ஒரு டிபார்ட்மென்ட், வானிலைக்கு வேறொரு கட்டடம். ஒருவர் வராந்தாவில் இன்னொருவர் நடக்கமாட்டார். பாடத்திட்டம் போட அது வசதியாக இருக்கலாம். இந்த மலையில் நடந்த பெரிய தப்புகள் எல்லாம் அப்படி ஒன்றை மட்டும் பார்த்து மற்றதை விட்டதால் வந்தவை. நான் பேச வந்த விஷயம் இதுதான். கதைகளாகவே சொல்கிறேன், பாடமாகச் சொன்னால் நீங்கள் செல்போனை எடுத்துவிடுவீர்கள்.

முதல் கதை நம் வாசலிலேயே, வெலிங்டனில். ராணுவத்தைத் தாண்டி அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கோதுமை நிலையம் 1954-லிருந்து இருக்கிறது. சப்பாத்திக்காரர்கள் இருப்பது பஞ்சாபில். கோதுமை நிலையம் எதற்கு நீலகிரியில்?

கோதுமைக்குத் துரு நோய் வரும். தண்டிலும் இலையிலும் இரும்புத்துரு மாதிரியே பொடி படியும். தொட்டால் விரலில் ஒட்டும். அதுவும் பூஞ்சணம்தான். வட இந்தியச் சமவெளியில் மே, ஜூன் வெயிலில் அந்த வித்து செத்துப்போகிறது. பிறகு ஒவ்வொரு ஆண்டும் புதுசாக எங்கிருந்து வருகிறது? ஆக்ராவில் கே.சி. மேத்தா என்ற பேராசிரியர் இந்தக் கேள்வியோடு பல ஆண்டு மல்லுக்கட்டி, மலைகளில்தான் அது கோடையைக் கழிக்கிறது என்று காட்டினார். நீலகிரியிலும் பழனி மலையிலும் ஆண்டு முழுக்கக் குளிர். ஏதாவது ஒரு மூலையில் கோதுமைப் பயிரும் நிற்கும். துரு இங்கே சாகாமல் உட்கார்ந்திருக்கும். பின்னாளில் எஸ். நாகராஜன் முதலிய விஞ்ஞானிகள் 1970-களில் செயற்கைக்கோள் மேகப்படங்களை வைத்து மீதிக் கதையையும் சொன்னார்கள். நவம்பரில் வங்கக்கடலில் புயல் எழும்பும்போது அதன் சுழற்காற்று நம் மலைமேலிருந்து வித்துகளை வாரி மத்திய இந்தியாவுக்குக் கொண்டுபோகும். அங்கே பெய்யும் மழை அதை இளம்பயிர்மீது இறக்கிவைக்கும்.

கேத்தியில் ஒரு வயலில் இருக்கும் பொடி மத்தியப் பிரதேசத்து விவசாயியின் களஞ்சியத்தைக் காலி செய்கிறது. நடுவில் தூக்கிச் செல்வது சென்னைக்காரன் ரெட் அலர்ட் என்று பயப்படும் அதே புயல். இதைக் கண்டுபிடிக்கப் பயிர்நோய் தெரிந்தால் மட்டும் போதுமா? காற்றையும் படித்தாக வேண்டும்.

வெலிங்டன் வேலை இன்றும் அதுதான். துரு தாங்கும் ரகங்களை உருவாக்குவது, நாடு முழுவதிலிருந்தும் வரும் ரகங்களை இந்தத் துருவின் வாயில் கொடுத்துச் சோதிப்பது. வடக்கே ஏப்ரலில் அறுத்த விதையை மே மாதம் இங்கே விதைத்து, அடுத்த வடநாட்டுப் பருவத்துக்குள் இன்னொரு தலைமுறை எடுத்துவிடுவது. ரகம் உருவாக்க ஆகும் ஆண்டுகள் பாதியாகக் குறையும். சம்பா கோதுமையில்கூட இங்கிருந்து ரகம் வந்திருக்கிறது. ஆட்டோவிலேயே போகக்கூடிய இடம்; உங்கள் பள்ளி ஒருமுறையாவது கூட்டிக்கொண்டு போயிருக்கிறதா என்று தலைமை ஆசிரியரைப் பிறகு கேளுங்கள்.

இரண்டாவது, உதகைக்குப் பக்கத்து முத்தொரை. அங்கே இரண்டு விஞ்ஞான நிலையங்கள் அண்டை வீடுகளாக இருக்கின்றன. ஒன்று வானத்தைக் கேட்கும் ரேடியோ தொலைநோக்கி. 1970-ல் வானியல் விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் கட்டியது, அரைக் கிலோமீட்டர் நீளம். உதகையின் அட்சரேகை 11 டிகிரி. அதே 11 டிகிரி சரிவுள்ள ஒரு மலைமுதுகைத் தேடிப்பிடித்து அதன்மேல் கட்டினார்கள். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. சரிவை இவ்வளவு மரியாதையாகப் பயன்படுத்திய வேறொரு கட்டடத்தை நான் நீலகிரியில் பார்த்ததில்லை. நம் ரிசார்ட்காரர்கள் ஒருநாள் போய்ப் பார்த்து வரலாம்.

பக்கத்து வீடு, மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம், 1957. அது வந்த நாலாவது வருஷம், 1961-ல், உதகையில் உருளை வேரில் தங்கநிற நூற்புழு இருப்பதை ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி பார்த்தார். செடியைப் பிடுங்கி வேரை உதறி லென்ஸில் பாருங்கள்: கடுகில் கால்பங்குகூட இல்லாத உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும், முதலில் வெள்ளை, பிறகு தங்கம், கடைசியில் பழுப்பு. பெண் புழு தான் செத்து, தன் தோலையே பெட்டியாக்கி நூற்றுக்கணக்கான முட்டைகளை உள்ளே வைத்துவிட்டுப் போகிறது. உருளைக்கிழங்கே போடாவிட்டாலும் அந்தப் பெட்டி மண்ணில் இருபது வருஷம்கூடக் காத்திருக்கும். உருளை வேர் கசியவிடும் சாறு பட்டால் மட்டும் முட்டை பொரியும். உருளைக்குப் பின் உருளை, அதற்குப் பின்னும் உருளை என்று போட்ட தோட்டங்களில் அது கொழுத்தது. நீலகிரி விதைக்கிழங்குக்கு வெளியே போகத் தடை வந்தது. என் சிறுவயதில் எங்கள் பக்கத்துப் படுகர் வீடுகளில் விதைக்கிழங்கு விற்றுக் கல்யாணம் செய்த கதைகளைச் சொல்வார்கள். தடைக்குப் பிறகு அந்தக் கதை நின்றது. குஃப்ரி சுவர்ணா போன்ற தாங்கும் ரகங்கள் முத்தொரையிலிருந்து வந்தன. நடுவில் கேரட், கோஸ், பீன்ஸ், பூண்டு என்று மாற்றிப் போட்டால் புழு குறையும் என்பதையும் செய்து காட்டினார்கள். மேட்டுப்பாளையம் மண்டிக்கு இன்று இறங்கும் ஊட்டி கேரட்டுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத அந்தப் புழுவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

மூன்றாவதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் குரல் ஏறும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மலையின் உச்சிகளில் இருந்தவை புல்வெளிகள். மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு. தோடர்களின் எருமைகள் மேய்ந்த இடம். வெள்ளைக்காரன் வந்து பார்த்தான். மரமில்லாத இடம், ஆகவே பாழ்நிலம் என்று எழுதிவைத்தான். நம் அரசும் அந்தக் குறிப்பை மாற்றவில்லை. கற்பூர மரமும் சீகையும் நட்டார்கள். விறகுக்கு, தைலத்துக்கு, பின்னால் சிறுமுகை ரேயான் ஆலைக்கு. செடி தெரிந்தவர்கள்தான் நட்டார்கள். மரம் நன்றாகவே வளர்ந்தது. தண்ணீரை யாரும் கேட்கவில்லை.

கேட்டது உதகையில் 1954-ல் தொடங்கிய மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம். கிளன்மார்கனில் ஒரே மாதிரி இரண்டு சிறு பள்ளத்தாக்குகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொன்றும் 32 ஹெக்டேர், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓடை. ஓடை வெளியேறும் இடத்தில் அணைச்சுவர் மாதிரி ஒன்று கட்டித் தண்ணீரை அளந்தார்கள். முதல் நாலு வருஷம் ஒன்றுமே செய்யாமல் வெறுமனே அளந்தார்கள். இரண்டும் எப்படி ஓடுகின்றன என்று தெரிந்தபிறகு, 1972-ல் ஒன்றில் கற்பூர மரம் நட்டார்கள். மற்றதைப் புல்லும் சோலையுமாக விட்டார்கள். மீண்டும் அளந்தார்கள். பத்து வருஷம். மரம் நட்ட பள்ளத்தில் தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி, கட்டையிலிருந்து தழைத்ததை அடுத்த பத்து வருஷம் வளரவிட்டு அளந்தபோது 25 சதவீதம். கீழே பைக்காராவில் அந்தத் தண்ணீரில்தான் கரண்ட் எடுக்கிறோம்.

பிள்ளைகளே, இதில் ராக்கெட் இல்லை, செயற்கை நுண்ணறிவு இல்லை. ஒரு ஓடை, ஒரு சுவர், ஒரு நோட்டு. இருபது வருஷத்துக்கும் மேலாக, கொட்டும் மழையில் அட்டைப்பூச்சி ஏறிய காலோடு போய் அளவெடுத்த ஆள்கள். அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. இந்தியாவில் கற்பூர மரம் பற்றி யார் பேசினாலும் இன்றும் இந்த எண்களைத்தான் எடுக்கிறார்கள்.

புல்வெளி இயற்கையாக வந்ததா, ஆதிகால மனிதன் காட்டை எரித்ததால் வந்ததா என்ற சண்டைக்கும் இந்த மண்தான் பதில் சொன்னது. நம் சதுப்புகளில், சாண்டிநல்லா போன்ற இடங்களில், மக்கியும் மக்காமலும் கறுத்துப் படிந்த மண் இருக்கிறது. பீட் என்பார்கள். கையில் எடுத்தால் காப்பிப் பொடி ஈரமானது போலிருக்கும். மரங்கள் ஒரு வழியில் கார்பனை உண்ணும், வறட்சி தாங்கும் புற்கள் வேறு வழியில் உண்ணும். அந்த வித்தியாசம் செத்த பிறகும் கார்பன்-13 அளவில் அப்படியே நிற்கும். விஞ்ஞானிகள் ரா. சுகுமாரும் ஆர். ரமேஷும் மற்ற இருவரும் பீட்டை அடுக்கு அடுக்காக வெட்டி அளந்து 1993-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். 20,000 ஆண்டுக்கு முன்பு பனியுகத்தின் வறட்சியில் இங்கே புல் ஓங்கியிருந்தது. சுமார் 11,000 ஆண்டுக்கு முன்பு மழை மிகுந்து மரவகை கூடியது. பிறகு மறுபடி வறண்டது. பருவமழையின் நாட்குறிப்பை நம் சேற்றிலிருந்து படித்துவிட்டார்கள். பாழ்நிலம் என்று எழுதிய கோப்பைவிட அந்தப் புல் பல ஆயிரம் வருஷம் மூத்தது.

நிலச்சரிவு பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் வீடு இழந்தவர்கள் இருப்பீர்கள். 2009 நவம்பரில் சில நாள் மழையில் ஆயிரத்துக்கு மேல் சரிவுகள், நாற்பதுக்கு மேல் உயிர்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மழை எவ்வளவு என்று வானிலைக்காரர் சொல்வார். அந்த மழை இந்தச் சரிவில் இந்த மண்ணுக்குள் எத்தனை அடி இறங்கும், எந்த வெட்டுக்குப் பின்னால் தேங்கும், எந்த வேர் பிடிக்கும் என்று சொல்ல ஆள் வேண்டும். இன்றும் போதவில்லை.

சரி, பஸ்ஸில் அந்த அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

கோவை வேளாண் பல்கலைக்கழகம். 1868-ல் சைதாப்பேட்டைப் பண்ணைப் பள்ளியாக ஆரம்பித்து, கோவைக்கு வந்து, 1971-ல் பல்கலைக்கழகமானது. அங்கே வேளாண்மை, தோட்டக்கலை எல்லாம் நாலு வருஷப் பட்டம். வனவியலுக்கு மலையடிவாரத்தில் மேட்டுப்பாளையத்திலேயே கல்லூரி. சேர்க்கை பிளஸ் டூ மார்க்கில், கலந்தாய்வில். நீட் கிடையாது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் 2021 முதல் வேளாண் படிப்புக்கும் உண்டு. லயத்திலும் படுகர் ஹட்டியிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு இதைப் போல வாசல் வேறு இல்லை. தனியார் வேளாண் கல்லூரி என்றால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள்; பண்ணை எத்தனை ஏக்கர், பாசனம் உண்டா என்று கேளுங்கள். பதில் இழுத்தால் எழுந்து வாருங்கள்.

உதகை அரசு கலைக் கல்லூரியில் தாவரவியல் படிக்கலாம். 1955-ல் தொடங்கியது, அந்தக் காலத்து ஆங்கிலேயக் கலெக்டர் சல்லிவன் கட்டிய கல்பங்களாவில் நடக்கிறது. மூன்று வருஷம், குறைந்த செலவு. ஆனால் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்: தாவரவியல் பட்டத்தை வைத்து டி.என்.பி.எஸ்.சி. வேளாண்மை அலுவலர் தேர்வு எழுத முடியாது, அதற்கு வேளாண் பட்டமே வேண்டும். வங்கியில் விவசாய அதிகாரி வேலைக்கும் அப்படித்தான். இந்திய வனப்பணித் தேர்வை இரு பக்கத்தாரும் எழுதலாம். தாவரவியலோ புவியியலோ வேதியியலோ படித்து மேலே ஆராய்ச்சிக்குப் போனால் காலநிலைத் துறை திறந்திருக்கிறது. நான் சொன்ன பீட் வேலையில் இருந்தவர்களில் இயற்பியல் பிள்ளைகளும் உண்டு.

இனிப்பாகவே பேசி உங்களை ஏமாற்ற மாட்டேன். நிரந்தர விஞ்ஞானி வேலைகள் குறைவு. திட்ட உதவியாளர் என்று வருஷத்துக்கு வருஷம் நீட்டிக்கும் வேலையில் முப்பது வயதைத் தொடுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கே முதுகலை முடித்து ஓர் அலுவலகத்தில் நேர்காணலுக்குப் போனபோது, தகப்பன் தொழில் என்ன என்று கேட்டுவிட்டு, அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்காமல் அனுப்பினார்கள். இரண்டரை வருஷம் டியூஷன் எடுத்தேன். இன்று தனியாரில் வேலை பெருகியிருக்கிறது. தேயிலைக்குச் சான்றளிக்கும் தணிக்கை, விதைக் கம்பெனி, பயிர்க் காப்பீடு, பூச்செடிப் பண்ணைகள் என்று. சம்பளம் ஐ.டி. அளவுக்கு ஆரம்பத்தில் இருக்காது.

பொண்ணுக்கு ஆகுமா என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு பெயர். தலைச்சேரியில் 1897-ல் பிறந்த ஜானகி அம்மாள், மிச்சிகனில் 1931-ல் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை எண்ணினார். நாம் இன்னும் ஹாஸ்டல் தூரமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் அம்மாவை எப்படிச் சமாதானப்படுத்தினேன் என்று சொல்லவில்லையே. மூன்றாம் வருஷம் புராஜெக்டுக்கு எங்கள் டிவிஷனிலேயே மண் எடுத்தேன். சோதித்தால் சாம்பல் சத்து தாறுமாறாக ஏறியிருந்தது. எங்கே வெட்டினாய் என்று பேராசிரியர் கேட்டார். செடியின் தூருக்குப் பக்கத்தில் என்றேன். உரம் போட்ட இடத்தையே வெட்டிக்கொண்டு வந்திருக்கிறாய், போய் மறுபடி எடு என்றார். இரண்டாவது தடவை அம்மா கூட வந்தாள். உரம் எந்தக் கையால் எந்தப் பக்கம் வீசுவார்கள், எந்த வரிசையில் கவாத்துக்குப் பிறகு குச்சியைப் புதைத்தார்கள், எந்தப் பாத்தியில் மழைத்தண்ணீர் நிற்கும், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். சருகை விலக்கி, முக்கோணமாகக் குழி வெட்டி, ஒரு சாண் ஆழத்துக்கு ஓரத்தைச் சீவி, இருபது இடத்து மண்ணைச் சாக்கில் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பாகத்தைத் தள்ளித் தள்ளி, கடைசியில் அரைக் கிலோ துணிப்பையில் கட்டினோம். புளிப்பு பி.எச். 4.8 என்று வந்தது. தேயிலைக்கு வேண்டிய அளவுதான். "நான் சொன்னா சூப்பர்வைசர் கேக்கமாட்டான், நீ எழுதிக் கொடுத்தா கேப்பான் இல்ல?" என்றாள்.

பஸ்ஸில் பார்த்த அம்மா இந்தக் கூட்டத்தில் இருக்கிறாரா தெரியவில்லை. இருந்தால் முடிந்ததும் பொண்ணைக் கூட்டிக்கொண்டு மேடைப்பக்கம் வாருங்கள். விண்ணப்பம் ஆன்லைனில்தான், இங்கே கம்ப்யூட்டர் இருக்கிறது. மார்க் ஷீட்டும் சாதிச் சான்றிதழும் அரசுப் பள்ளியில் படித்த சான்றும் வேண்டும். ஆறு மணி பஸ்ஸுக்குள் முடித்துவிடலாம்.